ஐந்து மாடி உயரத்துக்கு ஆளை ஏவும் காற்றழுத்த ஏவி: 8 பார் போதுமா?

சாய்தளம் (கேள்வி)

தரையில் நிறுத்திய சாய்தளத்திலிருந்து காற்றழுத்தத்தால் ஓர் ஆளைக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏவும் கருவிக்கு வடிவமைப்புக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். சோதனை எல்லாம் மணல் நிரப்பிய பொம்மையோடுதான், ஆள் ஏறப்போவதில்லை. ஆனால் கணக்கு ஆளுக்குப் பொருந்துகிற மாதிரியே இருக்க வேண்டும்.

மாடி உயரம் 15 மீட்டர். தண்டவாள நீளம் 4 மீட்டர், சாய்வு 80 பாகை. ஆளும் சுமையும் சேர்த்து 100 கிலோ. 15 மீட்டர் எழும்ப நொடிக்கு 17.2 மீட்டர் வேகம் வேண்டும். 4 மீட்டருக்குள் அந்த வேகத்தை எட்ட முடுக்கம் 37, அதாவது 3.8 ஜி (புவியீர்ப்பைப் போல 3.8 மடங்கு). விசை 3,700 நியூட்டன். 100 மி.மீ. உள்விட்ட சிலிண்டரில் இதற்கு 4.7 பார் வருகிறது (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). கையில் இருப்பது 8 பார் கம்ப்ரஸர், 50 லிட்டர் டேங்க், மின்சாரத்தால் திறக்கும் ஒரு அங்குல சோலனாய்டு வால்வு.

8 பார் தாராளம் என்று தோன்றுகிறது. சரியா? தண்டவாள நுனியில் தள்ளுவண்டியை நிறுத்துவது எப்படி? பொம்மை மாடியில் எவ்வளவு துல்லியமாக விழும் என்று எதிர்பார்க்கலாம்?

ஏழரைபார்

தாராளம் இல்லைங்க, பற்றாது. கணக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது.

முதலாவது, தள்ளுவண்டியின் எடையை விட்டுவிட்டீர்கள். இருக்கை, சட்டம், சக்கரம் எல்லாம் சேர்ந்து 40 கிலோவுக்குக் குறையாது. ஆக 140 கிலோவைத் தள்ள வேண்டும். இரண்டாவது, 80 பாகை சாய்வில் எடை ஏறக்குறைய முழுதாகவே பின்னால் இழுக்கும்; முடுக்கத்தோடு 9.66 கூட்ட வேண்டும். மூன்றாவது ஓட்டை மாடியிலேயே இருக்கிறது: கைப்பிடிச் சுவர். 15 மீட்டர் என்பது மாடித் தளம். அதற்கு மேல் ஒரு மீட்டர் சுவர், சுவருக்கு மேல் காலுக்கு ஒரு மீட்டராவது இடைவெளி. பாதம் 17 மீட்டர் வரை போயாக வேண்டும்.

உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. பாதம் தண்டவாளத்தை விட்டு விலகுவதே சுமார் 4 மீட்டர் உயரத்தில்தான். எனவே எழும்ப வேண்டியது 13 மீட்டர். செங்குத்து வேகம் 15.97, தண்டவாளத்தின் வழியே 16.2 மீட்டர். முடுக்கம் 32.9, அதோடு 9.66 சேர்த்தால் 42.5. ஆள் உணர்வது 4.3 ஜி. 140 கிலோவுக்கு 5,950 நியூட்டன், உராய்வுக்கு 5 சதவீதம் போட்டால் 6,250. 100 மி.மீ. சிலிண்டரில் இது 8 பார். அதுவும் தொடக்கம் முதல் கடைசி வரை சராசரியாக 8 இருக்க வேண்டும். டேங்கில் 8 பார் இருந்தால் பிஸ்டனுக்குப் பின்னால் சராசரி 8 வராது, காற்று விரிய விரிய இறங்கிக்கொண்டே போகும்.

125 மி.மீ. சிலிண்டருக்கு மாறுங்கள், தேவை 5.1 பாராகக் குறையும். 4 மீட்டர் ஓட்டத்துக்கு அதன் கொள்ளளவு 49 லிட்டர். இதற்கு 50 லிட்டர் டேங்க் என்றால் காற்று இரண்டு மடங்காக விரிகிறது. வெப்பம் உள்ளே வர நேரமே இல்லாததால் 7 பாரில் தொடங்கினால் முடிவில் 2.1 பார்தான் மிஞ்சும். 200 லிட்டர் டேங்க் போட்டால் அதே 7 பார் 4.9-க்கு இறங்கும், சராசரி 5.8. வால்வில் போகும் இழப்பையும் தாங்கும்.

ஆனால் ஒன்று: அழுத்தம் மேலிருந்து கீழே இறங்குவதால் முதல் அரை மீட்டரில்தான் உதை அதிகம். 7 பாரில் வால்வு பட்டென்று திறந்தால் ஆள் உணர்வது 4.3 அல்ல, கிட்டத்தட்ட 6 ஜி. வால்வு 80 முதல் 100 மில்லி நொடிக்குள் படிப்படியாகத் திறக்கும்படி வைத்தால் அந்த முனை மழுங்கும். கழுத்துக்கு ஆபத்து, எத்தனை ஜி என்பதோடு அந்த ஜி எவ்வளவு திடீரென்று வருகிறது என்பதிலும் இருக்கிறது. தலைக்குப் பின்னால் அணை இல்லாத இருக்கை வேண்டவே வேண்டாம்.

அந்த ஒரு அங்குல சோலனாய்டை மறந்துவிடுங்கள். கடைசிக் கட்டத்தில் பிஸ்டன் நொடிக்கு 200 லிட்டர் விழுங்குகிறது, அதுவும் அழுத்தத்தோடு. ஒரு அங்குலத் துளை வழியே அது போக நொடிக்கு 400 மீட்டர் வேகம் வேண்டும். ஒலியின் வேகத்தில் அடைத்துக்கொள்ளும், மேலே போகாது. 50 மி.மீ. துளையில் வேகம் 100 மீட்டர்தான், ஆனால் கடைசியில் ஒரு பார் வரை விழுங்கும். 80 மி.மீ. பட்டர்ஃபிளை வால்வு (உள்ளே இருக்கும் தட்டு திரும்பித் திறப்பது), அதைத் திருப்பத் தனியாக ஒரு சிறு காற்றுச் சிலிண்டர். சோலனாய்டு அந்தச் சிறு சிலிண்டரை மட்டும் இயக்கட்டும். டேங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவில் குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. முழங்கை வளைவு ஒன்றுகூட வேண்டாம்.

கப்பிக்கயிறு

மேலே சொன்ன காற்றுக் கணக்கு சரி, சிலிண்டர் அமைப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. பிஸ்டனே 16 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்கிறீர்கள். கடையில் கிடைக்கும் காற்றுச் சிலிண்டர்கள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு வடிவமைத்தவை. 16 மீட்டரில் சீல் ஓரம் சூடேறிச் சுருளும், நாலைந்து ஏவலிலேயே கசியத் தொடங்கும். 4 மீட்டர் நீளத் தண்டு வளையாமல் தள்ளுவதும் நடக்காத காரியம்.

கப்பி போடுங்கள். பிஸ்டன் 2 மீட்டர் நகர்ந்தால் தள்ளுவண்டி 4 மீட்டர் நகரும்படி இரண்டுக்கு ஒன்று. ஆளில்லா விமானங்களை ஏவும் காற்றழுத்த ஏவிகளிலும் இதே முறைதான். பிஸ்டன் வேகம் 8 ஆகக் குறையும், விசை 12,500 நியூட்டனாக இரட்டிக்கும். 200 மி.மீ. சிலிண்டரில் 4 பார் சராசரி போதும். 200 லிட்டர் டேங்கில் 6 பார் வைத்தாலே கைகொடுக்கும். 8 மீட்டரும் சாதாரண சீலுக்கு அதிகம்தான், இதற்கென்று உதட்டுச் சீல் சொல்லிச் செய்ய வேண்டும், ஆனால் செய்யக்கூடிய எல்லைக்குள் வந்துவிடுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் காற்று வெளியேற வழி விடுங்கள். அந்தப் பக்கத் துளை சின்னதாக இருந்தால் அங்கே அழுத்தம் ஏறி, நீங்கள் கொடுக்கும் விசையையே தின்றுவிடும். மூடியைக் கழற்றித் திறந்தே விடுவது உத்தமம்.

வயர் ரோப் இரண்டு, இணையாக. ஒவ்வொன்றும் தனியாகவே முழு விசையைப் போல ஐந்து மடங்கு தாங்க வேண்டும். ஏவுவதற்கு முன் ரோப் தொய்வில்லாமல் இறுகி இருக்கட்டும். இரண்டு செ.மீ. தொய்வு இருந்தாலும் அது இறுகும் கணத்தில் விழும் வெட்டு முதுகெலும்புக்குப் போகும்.

இப்போது நிறுத்தம். 40 கிலோ வண்டி 16.2 மீட்டர் வேகத்தில் வருகிறது: 5,260 ஜூல். அரை மீட்டரில் நிறுத்த 10,500 நியூட்டன். 4 மீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தத்துக்கு என்று தண்டவாளத்தில் தனியாக 70 செ.மீ. ஒதுக்குங்கள். எண்ணெய் ஷாக் அப்சார்பர் இரண்டு, இரு பக்கமும் சமமாக. ரப்பர் கட்டை வைத்தால் வண்டி திரும்பித் துள்ளும். நிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே சிலிண்டரில் மிச்சக் காற்றை வெளியே கொட்டும் வால்வு திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அப்சார்பர் வண்டியோடு சேர்த்துக் காற்றோடும் மல்லுக்கட்டும்.

நிறுத்தம் தொடங்கும் கணத்தில் வண்டியின் வேகம் குறைகிறது, ஆள் குறையாத வேகத்தில் இருக்கையை விட்டுக் கிளம்புகிறார். அந்த நேரத்தில் தோள்பட்டை வார் ஒன்று கொக்கியில் மாட்டியிருந்தால் அவருக்கும் அதே நிறுத்தம்: 27 ஜி, ஒற்றைத் தோளில். ஆகவே கழற்றிவிடும் கொக்கி என்று ஒன்று இருக்கவே கூடாது. முதுகும் இருக்கையும் மட்டும் தாங்கும், மேல்புறம் முழுக்கத் திறந்த இருக்கை. உள்ளே போகும் பக்கமே வெளியே வரும் பக்கம். தொங்கும் வார், பை ஓரம், கயிற்று நுனி எல்லாவற்றையும் டேப்பால் சுற்றி அடக்குங்கள். பொம்மைக்கும் இது பொருந்தும், அதன் சட்டைக் காலர் மாட்டினாலே அலைபாயும்.

ஒரு எச்சரிக்கை: வெறும் வண்டியை ஏவிப் பார்க்காதீர்கள். அதே காற்றில் 40 கிலோ மட்டும் என்றால் வேகம் 33 மீட்டர், ஆற்றல் 22,000 ஜூல். அப்சார்பர் தாங்குவதைப் போல நாலு மடங்கு. வண்டியே மாடிக்குப் போய்விடும்.

சாய்தளம்

கப்பி அமைப்புக்கு மாறுகிறேன். காற்றுக் கணக்கும் புரிந்தது. பாதை பற்றி இன்னும் தெளிவில்லை. தண்டவாள நுனி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? 5 சதவீதம் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லையா?

பரவளையம்

5 சதவீதமா? வாருங்கள், பார்ப்போம்.

16.2 மீட்டர் வேகம், 80 பாகை. கிடைமட்ட வேகம் 2.8. உச்சிக்கு 1.63 நொடி, அங்கிருந்து மாடித் தளத்துக்கு 2 மீட்டர் இறங்க 0.64 நொடி. மொத்தம் 2.27 நொடி, கிடைமட்டமாக 6.4 மீட்டர். பாதம் கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கு மேலே இருப்பது 3.3 மீட்டரிலிருந்து 5.9 மீட்டர் வரை மட்டும்தான். சுவர் அதற்குள் இருக்க வேண்டும். நுனியிலிருந்து 4 மீட்டரில் சுவர் என்று வைத்தால் பாதம் சுவரை 79 செ.மீ. மேலே தாண்டி, 2.4 மீட்டர் உள்ளே இறங்கும்.

இது காற்றுத் தடை இல்லாத கணக்கு. கைகால் விரிந்த ஆளுக்கு 16 மீட்டர் வேகத்தில் தடை 80 நியூட்டன் அளவுக்கு வரும். உச்சி உயரத்தில் சுமார் அரை மீட்டர் போய்விடும். அந்த 79 செ.மீ.யில் பாதிக்கு மேல் இதிலேயே கரைந்தது. வேகத்தை 2 சதவீதம் கூட்டி ஈடுகட்டலாம்.

அடுத்து எடை. 140 கிலோ என்று கணக்கிட்ட இடத்தில் தண்ணீர்ப்பை, கருவிப்பெட்டி என்று 15 கிலோ கூடிவிட்டது என்று வையுங்கள். வேகம் 15.2-க்கு இறங்கும். தண்டவாள நுனியிலிருந்து உச்சியே 11.4 மீட்டர்தான், சுவரின் மேல்விளிம்போ 12 மீட்டரில். காற்றுத் தடையைச் சேர்க்காமலே பாதம் விளிம்புக்கு 64 செ.மீ. கீழேயே நிற்கும், முழங்கால் சுவரில் போய் மோதும். அப்படி மோதிய ஆள் உள்ளே விழுவாரா வெளியே விழுவாரா என்பது அதிர்ஷ்டம். வெளியே என்றால் 15 மீட்டர்.

அழுத்தமும் இதே கதைதான். விசை 5 சதவீதம் குறைந்தால் உச்சி 90 செ.மீ. அளவுக்கு இறங்கும். 10 பார் அளவுள்ள சாதாரண முள் கேஜில் 1.6 சதவீதப் பிழை என்றால் 0.16 பார், 6 பாரில் அதுவே 2.7 சதவீதம். எனவே முள் கேஜை நம்பி ஏவ முடியாது. 0.25 சதவீத மின் அழுத்த உணரியை டேங்கிலேயே பொருத்துங்கள். இருக்கைக்குக் கீழே லோட் செல் (எடை உணரி) வைத்து, ஆள் உட்கார்ந்த பிறகு அளந்த எடைக்கு ஏற்ப அழுத்தத்தை வையுங்கள். எடையைக் கேட்டு எழுதிக்கொள்வது அளவீடு ஆகாது.

சாய்வு ஒரு பாகை மாறினால் இறங்கும் இடம் 60 செ.மீ. நகரும். தண்டவாளம் நேராகத்தான் இருக்கும், தரைதான் ஏமாற்றும். ஏவும்போது அரை நொடி நேரம் 6,000 நியூட்டனுக்கு மேல் கீழ்நோக்கி அழுத்துகிறது, 1,000 நியூட்டன் பின்னோக்கித் தள்ளுகிறது. மண்தரை என்றால் பின்கால் அமுங்கும், சாய்வு மாறும், அதுவும் ஆள் பாதி ஏறியிருக்கும்போது. அடியில் அகலமான எஃகுத் தகடு, பின்னால் முளை.

சுழற்சியைப் பலரும் மறந்துவிடுவார்கள். வண்டியின் முன்சக்கரம் ஒரு பக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் விடுபடும் கணத்தில் உடம்புக்கு ஒரு சிறு திருப்பம் கிடைக்கும். நொடிக்கு 30 பாகை என்பது கண்ணுக்கே தெரியாத மெதுவான சுழற்சி. 2.27 நொடியில் அது 68 பாகை. நின்று இறங்க வேண்டியவர் படுத்து இறங்குவார். சர்க்கஸ் பீரங்கியில் பறப்பவர்கள் வேண்டுமென்றே சுழன்று முதுகால் விழுகிறார்கள், ஏனென்றால் கீழே வலை இருக்கிறது. அந்தப் பீரங்கிகளை இயக்குவதும் பெரும்பாலும் காற்றழுத்தம்தான், வெடியும் புகையும் பார்வையாளர்களுக்காக. அவர்கள் 59 மீட்டருக்கு மேல் பறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே உடம்பு, அதே எடை, அளந்து கட்டிய வலை. மொட்டை மாடியில் இருப்பது தண்ணீர்த் தொட்டியும் குழாயும் கம்பியும்.

வலை இல்லாமல் இறங்கினால்? 2 மீட்டர் வீழ்ச்சிக்குச் செங்குத்து வேகம் 6.3 மீட்டர். ராணுவத்தின் வட்டக் குடையில் குதிப்பவர்கள் தரை தொடும் வேகமும் இந்த அளவுதான். அதற்கென்று உருண்டு விழப் பழகியவர்கள் அவர்கள். ஆக முடியாது என்று சொல்ல மாட்டேன். பழகாதவர் காலை ஒடித்துக்கொள்வார்.

உச்சியைத் தாழ்த்தி வீழ்ச்சியைக் குறைக்கலாமே என்று தோன்றும். தாழ்த்தினால் சுவர் குறுக்கே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி ஒரு மீட்டர்கூட இல்லை. மொத்தச் சிக்கலும் அந்த ஒரு மீட்டருக்குள்தான் இருக்கிறது, டேங்கிலோ வால்விலோ அல்ல. அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா இதே மாதிரி ஒரு ஏவிக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டது 2006-இல் செய்திகளில் வந்தது: 80 பாகை சாய்தளம், விமானி இருக்கை போன்ற நாற்காலி, ஐந்து மாடிக்கு இரண்டு நொடிக்குள். கைப்பிடிச் சுவரே இல்லாத 15 மீட்டர் மாடிக்கு நம் கணக்கும் இரண்டு நொடி என்றுதான் சொல்கிறது. சுவரை எழுப்பியதும் 2.27 ஆகிவிடுகிறது.

நூலேணி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மாடிக்கு ஆள் போக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ஆளை ஏவத் தேவையே இல்லை. கொக்கியும் மெல்லிய கயிறுமாக 3 கிலோவை நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஏவ 730 ஜூல் போதும். உங்கள் ஏவி ஒரு தடவைக்கு 25,000 ஜூல் செலவழிக்கிறது. பிறகு மின் ஏற்றி மூலம் 100 கிலோவை 15 நொடியில் 15 மீட்டர் தூக்க ஒரு கிலோவாட் மோட்டார் போதும். கொக்கி குறி தவறினால் இழுத்துக்கொண்டு மறுபடி ஏவலாம். ஆளை மறுபடி ஏவ முடியாது.

கப்பிக்கயிறு

@நூலேணி கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. காய்ந்த கைப்பிடிச் சுவரின் ஓரச் செங்கல் ஒன்றில் மாட்டியிருந்தால், இழுத்துப் பார்க்கும்போது தாங்கும், பாதி ஏறியதும் பெயர்ந்து வரும். இரண்டு ஆள் சேர்ந்து தொங்கிப் பார்க்காமல் ஏறக்கூடாது. மற்றபடி நீங்கள் சொல்வதுதான் நடைமுறை. கேட்டவருக்கு வேண்டியது ஏவியின் கணக்கு, அதனால் அதைத் தொடர்வோம்.

சாய்தளம்

கயிறு வழியையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்துக்கொள்கிறேன். பொம்மைச் சோதனையை எந்த வரிசையில் தொடங்குவது? டேங்க் 200 லிட்டர், 6 பார், சிலிண்டர் 200 மி.மீ. என்று முடிவு செய்துவிட்டேன்.

ஏழரைபார்

முதலில் டேங்க். தண்ணீர் நிரப்பிக் குறைந்தது 1.3 மடங்கு அழுத்தத்தில் சோதித்த எஃகு டேங்காக இருக்க வேண்டும். காற்றை ஏற்றிச் சோதிக்காதீர்கள்; 7 பாரில் 200 லிட்டர் காற்று வெடித்தால் வெளிவருவது 180 கிலோஜூல். பிளாஸ்டிக் குழாய் எங்கேயும் கூடாது, அது கிழியாது, சில்லாகச் சிதறும். சேஃப்டி வால்வு டேங்கிலேயே, நடுவில் அடைப்பு வால்வு எதுவும் இல்லாமல்.

வண்டியைப் பிடித்திருக்க இயந்திரத் தாழ்ப்பாள் ஒன்று. தாழ்ப்பாள் மாட்டியிருக்கும்வரை சிலிண்டர் வெளிக்காற்றோடு திறந்தே இருக்கட்டும். பெரிய வால்வு லேசாகக் கசிந்தாலும் வண்டி ஊராது.

பிறகு 100 கிலோ மணல் பொம்மை, கட்டடம் இல்லாத திறந்தவெளி. உங்கள் சிலிண்டரில் 0.9 பார் அளவுக்குக் கீழே வண்டி நகரவே நகராது, எடையைத் தூக்கவே அது போய்விடும். ஒன்றரையில் தொடங்கி, அரை அரைப் பாராக ஏற்றுங்கள். ஒவ்வொரு அழுத்தத்திலும் குறைந்தது பத்து ஏவல். நுனியில் இரண்டு ஒளி உணரிகளை 20 செ.மீ. இடைவெளியில் வைத்து வெளியேறும் வேகத்தை எடுங்கள். உங்களுக்கு வேண்டியது சராசரி வேகம் அல்ல, பத்தும் எவ்வளவு சிதறுகிறது என்பது. சிதறல் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த அழுத்தத்துக்குப் போகாதீர்கள்.

சிதறலுக்குப் பெரும்பாலும் காரணம் வெப்பம். கம்ப்ரஸர் வேகமாக நிரப்பியதும் டேங்க் காற்று சூடாக இருக்கும். 47 பாகையில் 6 பார் காட்டியது ஆறி 27 பாகைக்கு வந்ததும் 5.6 ஆகிவிடும். ஏவிய பிறகு நேர்மாறு: விரிந்த காற்று உறைநிலைக்குப் பக்கத்தில் போகும், ஈரம் வால்வு தட்டில் பனியாகப் படியும், அடுத்த முறை வால்வு தாமதமாகத் திறக்கும். கம்ப்ரஸருக்குப் பின்னால் காற்று உலர்த்தி வையுங்கள். நிரப்பி, கால் மணி நேரம் விட்டு, குறைந்ததை ஈடுசெய்து, முள் ஐந்து நிமிடம் அசையாமல் நின்ற பிறகு ஏவுங்கள். ஒரு மணிக்கு மூன்று ஏவல்தான் வரும்.

சாய்தளம்

நன்றி. முதல் பத்து ஏவலின் வேகங்களை இதே இழையில் போடுகிறேன்.

பரவளையம்

வேகத்தோடு பக்கவாட்டு வீடியோவும் எடுங்கள். பொம்மையின் இடுப்பிலும் தோளிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டிவிட்டால் சுழற்சியைச் சட்டகம் சட்டகமாக எண்ணலாம். பத்தில் ஒன்றாவது நொடிக்கு 10 பாகைக்கு மேல் சுழன்றால் முதலில் முன்சக்கரத்தின் இடைவெளியைப் பாருங்கள்.